மஞ்சள் விளையும் வீட்டில் மூட்டுவீக்கம்

கேள்வி: பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் எங்கள் ஊர். இரண்டு ஏக்கரில் மஞ்சள் போடுகிறோம். அம்மாவுக்கு வயது 61. ஆடிக் கடைசியில் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டுவிட்டது. ஆனால் மணிக்கட்டு, விரல், கணுக்கால் வீக்கம் கார்த்திகை பிறந்தும் விடவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டு டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதினார். நெட்டில் பார்த்தால் புற்றுநோய் மருந்து என்று இருந்தது. பயந்துபோய் மூன்று வாரத்தோடு நிறுத்திவிட்டோம். இப்போது மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல் காலை, இரவு கொடுக்கிறோம். தினமும் நிலவேம்புக் குடிநீரும் சீந்தில் பொடியும் உண்டு. வைரஸ் காய்ச்சலில் வரும் அழற்சியை மஞ்சளின் கர்க்குமினும் நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடும் அடக்கும் என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இருக்கின்றனவாமே? அப்படியென்றால் டாக்டர்கள் ஏன் எழுதித் தருவதில்லை? நாங்கள் செய்வது சரியா?

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது காத்திருக்கக் கூடாது.

சீந்தில் பொடியை இன்றே நிறுத்துங்கள். மஞ்சள் கேப்ஸ்யூலையும் நிறுத்துங்கள். குழம்பிலும் ரசத்திலும் போடுகிற மஞ்சளை அப்படியே விட்டுவிடுங்கள், அதனால் ஒன்றுமில்லை. ஸ்டென்டுக்கான இரண்டு மாத்திரைகளில் ஒன்றைக்கூட ஒரு நாள்கூட விடக் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட்டை நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். இந்த வாரத்துக்குள் அம்மாவுக்குக் கல்லீரல் பரிசோதனை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றும் எடுத்து, எழுதித் தந்த டாக்டரிடமே போங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். அதற்குள் கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ வாரக் கடைசி வரை பார்க்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் சீந்தில். காய்ச்சல் காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று கொரோனாவின்போது வீட்டுக்கு வீடு குடித்தார்கள். அதன் பிறகு நம் நாட்டில் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து, சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 43 பேரின் விவரத்தை 2022-ல் வெளியிட்டன. சீந்தில் என்று நினைத்து அதன் சாயலில் இருக்கும் வேறு கொடியைச் சாப்பிட்டிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் ஏற்கெனவே மறுப்புச் சொல்லியிருந்தது. அந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் பொடியில் எந்தக் கொடி இருக்கிறது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைக் கண்காணித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. அதை நிறுத்திய கையோடு சீந்திலை ஏற்றியிருக்கிறீர்கள். என் உறவிலேயே ஒரு பெரியவர் சளி பிடிக்காமலிருக்க என்று ஒரு வருடம் சீந்தில் பொடி சாப்பிட்டார். கண் மஞ்சளானபோது வெயில் சூடு என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தபோது நகக்கண் வரைக்கும் மஞ்சள் ஏறியிருந்தது. பொடியை நிறுத்தியதும் இரண்டு மாதத்தில் தேறினார். எல்லோருக்கும் அப்படித் தேறிவிடுவதில்லை.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. "அதெல்லாம் சும்மா" என்று சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை, அது உண்மையும் இல்லை.

அம்மாவின் மூட்டுக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். 1952-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில், இந்தக் காய்ச்சல் பரவியபோது அங்குள்ள மகொண்டே மக்கள் வைத்த பெயர்தான் சிக்குன்குனியா. முறுக்கி வளைந்து போவது என்று பொருள். நம் நாட்டுக்கு 1963-லேயே வந்துபோனது. பிறகு நெடுங்காலம் தலைகாட்டாமல் இருந்து, 2006-ல் 13 லட்சம் பேருக்கு மேல் படுக்கவைத்தது. ஏடிஸ் கொசு கடித்து உள்ளே போகும் வைரஸ், மூட்டைச் சுற்றியுள்ள சவ்விலும் தசையிலும் குடியேறுகிறது. உடம்பு அதை எதிர்க்க இன்டர்லியூகின் 6, டி.என்.எஃப். போன்ற தூதுப் பொருள்களைச் சுரக்கிறது. அவை கூப்பிட்டதும் வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. இதைத்தான் அழற்சி என்கிறோம். சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அதன் அடையாளங்கள்.

பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் யானை இறங்கினால் ஊரே தீப்பந்தமும் பட்டாசுமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். யானை காட்டுக்குத் திரும்பிய பிறகும் யாரோ ஒருவர் இருட்டில் பட்டாசைக் கொளுத்திப் போட்டுக்கொண்டே இருந்தால் வைக்கோல் போர்தான் பற்றி எரியும். அம்மாவுக்கு நான்காவது மாதத்தில் நடப்பது இதுதான். வைரஸ் ரத்தத்திலிருந்து முதல் வாரத்திலேயே பெரும்பாலும் போய்விடும். அதன் எச்சம் மூட்டுச் சவ்வின் செல்களுக்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருப்பதைச் சில நோயாளிகளிடம் கண்டிருக்கிறார்கள். வேறு சிலரின் மூட்டு நீரில் தேடியபோது வைரஸே இல்லை, வீக்கம் மட்டும் இருந்தது.

ஆகவே காய்ச்சல் நாட்களின் அழற்சி வேறு, நான்காவது மாதத்து அழற்சி வேறு. முதலாவது உடம்புக்கு வேண்டிய சண்டை, அதை அவசரப்பட்டு அடக்கினால் ஆபத்து. இரண்டாவது தேவை முடிந்தும் நிற்காத சண்டை. அழற்சியை அடக்கும் என்று எந்தப் பொருளைச் சொன்னாலும், எந்த அழற்சியை, எந்த நாளில் என்று கேட்டுவிட வேண்டும். செடிக்கும் இந்தக் கேள்வி உண்டு, மாத்திரைக்கும் உண்டு. கொரோனாவில் இது கண்ணெதிரே நிரூபணமானது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று பிரிட்டனில் நடந்த ரிகவரி சோதனை 2020-ல் காட்டியது. அதே மருந்து, ஆக்சிஜன் தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை.

சரி, மஞ்சள்.

உங்கள் வீட்டில் செய்யக்கூடிய ஒரு காரியம் சொல்கிறேன். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கால் ஸ்பூன் உங்கள் மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்கி, சாயங்காலம் வரை வைத்துப் பாருங்கள். தண்ணீரில் தூள் அடியில் உட்கார்ந்துவிடும், மேலே வெளிறிய நிறம்தான் நிற்கும். எண்ணெயோ தெளிந்த பிறகும் பொன் நிறமாக இருக்கும். கர்க்குமின் தண்ணீரில் கரையாது. குடலிலும் ரத்தத்திலும் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். சாப்பிட்ட கர்க்குமினில் பெரும்பகுதி உள்ளே ஏறாமல் மலத்தோடு போய்விடுகிறது. ஏறுகிற கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் வேறு பொருளாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. ஒரு நாளைக்கு 8 கிராம் சுத்தமான கர்க்குமின் கொடுத்துப் பார்த்த சோதனையிலேயே ரத்தத்தில் தென்பட்டது மிகச் சொற்பம். மஞ்சளில் கர்க்குமின் சுமார் 3 சதவீதம் என்று வைத்தால், அந்த 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். நீங்கள் விரலி மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டு மெருகேற்றுகிறவர்கள். கால் கிலோ தூளை ஒருவர் ஒரு நாளில் சாப்பிடுவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு விட்டதும் குபீரென்று சிவக்கிறதே, அதுவும் கர்க்குமினின் வேலைதான். காரத்தன்மை பட்டால் அதன் வடிவம் மாறிவிடும், சீக்கிரம் சிதைந்தும் போகும். நம் ரத்தமே லேசான காரத்தன்மை கொண்டது. ரத்தத்தை ஒத்த காரத்தன்மையும் 37 டிகிரி சூடும் உள்ள கரைசலில் போட்டு வைத்தால் அரை மணி நேரத்தில் கர்க்குமினில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் செல்லின் மேல் அதை ஊற்றும்போது எதோடு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. தானே நிறம் காட்டி, தானே ஒளிர்ந்து, அளவுகோலையே ஏமாற்றிவிடும். நீங்கள் சொன்ன நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் பெரும்பாலானவை இப்படிச் செல்லிலும் எலியிலும் நடந்தவை. 2017-ல் மருந்து வேதியியல் அறிஞர்கள் சிலர் இவற்றையெல்லாம் திரட்டி எடைபோட்டார்கள். கர்க்குமினை வைத்து 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்திருக்கின்றன, மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாக நடத்தியவற்றில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். அதே 2017-ல் வந்த இன்னோர் ஆய்வு, கர்க்குமின் சிக்குன்குனியா வைரஸைச் செல்லில் ஒட்டவிடாமல் தடுக்கிறது என்றது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லுக்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை.

மஞ்சளுக்குச் சாதகமானதையும் மறைக்க மாட்டேன். தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் ஒரு சோதனை நடந்து, 2014-ல் முடிவு வந்தது. ஒரு பாதிக்கு மஞ்சள் சாறு தினம் 1,500 மில்லிகிராம், மறு பாதிக்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை 1,200 மில்லிகிராம். நான்கு வாரத்தில் வலி குறைந்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். மஞ்சள் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறும் குறைவு. தேய்மான வலி என்று கேட்பவருக்கு, வேறு மருந்து எதுவும் சாப்பிடாதவராக இருந்தால், நான் மஞ்சள் சாற்றை மறுப்பதில்லை. உங்கள் அம்மாவுக்கு இருப்பது தேய்மானம் அல்ல, வைரஸ் கிளப்பிவிட்ட மூட்டு அழற்சி. தேய்மானத்தில் வலி குறைந்தால் போதும். இதிலோ வலியின் அடியில் மூட்டுச் சவ்வு தடித்துக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தியாக வேண்டும்.

அடுத்தது அந்த மிளகுச் சத்து. இதன் கதை நமக்குப் பக்கத்தில், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. 1998-ல் அங்குள்ள மருந்தியல் துறையினர், 2 கிராம் கர்க்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறும் அளவு பல மடங்கு கூடியதைக் காட்டினார்கள். கேப்ஸ்யூல் டப்பாக்களில் அச்சடிக்கும் 2,000 சதவீதம் என்ற எண் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அது எப்படிக் கூடுகிறது? வெளிப்பொருளை மாற்றி வெளியேற்றும் குடல், கல்லீரல் நொதிகளைப் பைப்பரின் மந்தமாக்குகிறது. அந்த நொதிகளுக்குக் கர்க்குமின் வேறு, இதய மாத்திரை வேறு என்ற பேதம் கிடையாது. ஒரு கதவைச் சாத்தினால் அதன் வழியாகப் போக வேண்டிய எல்லாமே உள்ளே தங்கும். அம்மா ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும் தன்மை கர்க்குமினுக்கும் கொஞ்சம் உண்டு. அதன் மேல் பைப்பரின். ஈறில் ரத்தம் கசிகிறதா, காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு வருகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

ரசத்தில் தட்டிப் போடும் மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

நிலவேம்பைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் உண்டு. அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடை 1911-லேயே பிரித்தெடுத்தார்கள். அழற்சிப் பொருள்களைச் சுரக்கச் சொல்லிக் கட்டளையிடும் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தின் ஓரிடத்தில் அது போய்ப் பூட்டுப் போட்டதுபோல ஒட்டிக்கொள்கிறது என்பது செல் அளவில் தெளிவாகத் தெரிந்த விஷயம். சும்மா தொட்டுவிட்டு நகர்வதல்ல அது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது சிக்குன்குனியா வைரஸ் செல்லில் பெருகுவதை அது குறைத்தது. இதற்கு மேல் போக முயன்றபோது இடறியதும் உண்டு. தாய்லாந்து அரசு 2020 கடைசியில் லேசான கொரோனாவுக்கு நிலவேம்பு கொடுக்க அனுமதித்தது. அது நுரையீரல் பாதிப்பைத் தடுக்கிறது என்று ஒரு குழு ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டு, கணக்கில் பிழை இருந்ததென்று 2021-ல் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அப்படித் திரும்பப் பெற்றதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

சித்த மருத்துவத்தில் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சல் நாட்களுக்கானது. நான்கு மாதம் விடாமல் காபி மாதிரி குடிக்க அதைச் சொல்லவில்லை. தொடர வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை இருந்தால், பட்டம் படித்த சித்த மருத்துவர் அரசு மருத்துவமனையிலேயே இருப்பார். மற்ற மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போய் அவரிடம் கேளுங்கள். சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கலாமா, எத்தனை நாள் என்று அவர் சொல்லட்டும். ஆங்கில மருத்துவரிடமும் அதை மறைக்காதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், திட்டுவேனோ என்று கஷாயத்தை மறைத்துவிடுகிறார்கள். அப்படிப் பயப்பட வைத்தது எங்கள் ஆட்களின் தவறு, நோயாளியின் தவறல்ல.

இந்த மாதத்துக்கே உரிய ஒரு செடியைச் சொல்லாமல் விட முடியவில்லை. கார்த்திகைப் பூ, அதாவது செங்காந்தள். நம் மாநில மலர். வேலியில் நெருப்புக் கொழுந்து போலப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் அதைக் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். அதில் இருக்கும் கோல்சிசின், அழற்சியை அடக்கும் செடிப்பொருள்களில் மறுக்க முடியாத நிரூபணம் உள்ளது. கவுட் என்ற மூட்டு நோய்க்கு இன்றும் நான் எழுதித் தருகிறேன், ஓரிரு நாளில் கட்டை விரல் வீக்கம் வடிவதைப் பார்க்கிறேன். அதை வைரஸ் அழற்சிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அதே ரிகவரி சோதனையில், மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகள் 11,340 பேரை இரு பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்குக் கோல்சிசின் கொடுத்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள் இந்தப் பக்கம் 21 சதவீதம், அந்தப் பக்கமும் 21 சதவீதம். ரத்தத்தில் ஒழுங்காக ஏறுகிற, அளவு தெரிந்த, பல நூறு ஆண்டு அனுபவமுள்ள ஒரு செடிப்பொருளுக்கே வைரஸ் அழற்சியில் இதுதான் கிடைத்த பதில். அதே கிழங்கு அளவு தப்பினால் உயிரை எடுக்கும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த துயரம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. உயிர் காத்தது என்று மேலே சொன்னேனே ஸ்டீராய்டு, அந்த வகை மருந்துகளை மலிவாகத் தயாரிக்க வழி திறந்தது மெக்ஸிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கு. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் அந்தக் கிழங்கில் உள்ள டயோஸ்ஜெனினை ஹார்மோனாக மாற்றும் முறையைக் கண்டார். அடுத்த பத்தாண்டில் அதே கிழங்குச் சரக்கிலிருந்து கார்ட்டிசோன் வந்தது. கிழங்கை யாரும் வேகவைத்துச் சாப்பிட்டு ஸ்டீராய்டைப் பெறவில்லை. சீனாவின் து யூயூ மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினினைக் கண்டெடுத்து 2015-ல் நோபல் பரிசு பெற்றாரே, அவருக்கு வழிகாட்டியது பழைய சீன மருத்துவக் குறிப்பு ஒன்று. செடியைக் கொதிக்க வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னது அது. கொதிக்க வைத்தால் சத்து அழிகிறது என்று அவர் ஊகித்து, குறைந்த சூட்டில் ஈதரில் பிரித்தார். பழைய அறிவை மதித்ததால்தான் அதைச் சோதித்தார். எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு, எப்படி எடுப்பது, யாருக்கு, எத்தனையாவது நாளில் என்ற ஆறு கேள்விக்கும் விடை வந்த பிறகு அதை எந்த டாக்டரும் எழுதித் தருவார், நானும் எழுதுவேன். மஞ்சளுக்கும் நிலவேம்புக்கும் சிக்குன்குனியா மூட்டுவீக்கத்தில் அந்த விடை இன்னும் வரவில்லை. எழுதித் தராததற்கு இதுதான் காரணம்.

இப்போது மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய் மருந்து என்று படித்ததும் பயந்ததில் தவறில்லை. உங்கள் வாசலில் பூத்திருக்கும் நித்திய கல்யாணியிலிருந்தும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வருகிறது. செடி என்றால் சாது, மாத்திரை என்றால் முரடு என்று பிரிக்க முடியாது. அளவுதான் பிரிக்கிறது. புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட்டைப் பெரிய அளவில் ஏற்றுவார்கள். மூட்டு வாதத்துக்கு வாரத்துக்கு ஒரே நாள், சில மில்லிகிராம். அந்த அளவில் அது செல்லைக் கொல்வதற்கல்ல, அந்த நிற்காத பட்டாசை நிறுத்தத்தான். மூட்டு வாத நோயாளிகள் இதைப் பல ஆண்டு சாப்பிடுகிறார்கள். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு அழற்சியில் இதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தது, அந்த இரண்டில் ஒன்றான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மட்டும் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது என்று கோழிக்கோட்டில் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. உடனே வலி போகாது. ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டீர்கள், அது வேலை தொடங்கும் முன்பே.

டாக்டர் மறுபடி தொடங்கச் சொன்னால் ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். இது தினமும் சாப்பிடும் மாத்திரை அல்ல. தவறுதலாக நாள்தோறும் சாப்பிட்டு வாய் வெந்து, ரத்த அணுக்கள் விழுந்து, உயிர் போனவர்கள் உண்டு. தினசரி காலண்டரில் ஒரு கிழமையை முடிவு செய்து, அந்தத் தாளில் மட்டும் சிவப்பு வட்டம் போடுங்கள். டாக்டர் சொல்லும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வேறு நாளில் கொடுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் போன் செய்யுங்கள்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது இதயத்துக்கும் நல்லதல்ல, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு சேர்ந்து வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதும், அளவை டாக்டர் சொல்வார். "மூன்றே நாளில் மூட்டுவலி போகும்" என்று பேர் போடாத பொட்டலத்தில் யாராவது சூரணம் கொடுத்தால் வாங்காதீர்கள். செடிப்பொடி எதுவும் நான்கு மாத வீக்கத்தை மூன்று நாளில் வடிக்காது. அப்படி வடிந்தால் உள்ளே ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். முகம் உப்பி, சர்க்கரை நானூறைத் தாண்டி வந்த நோயாளிகளிடம் அந்தப் பொட்டலத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நம் மாவட்டத்துக்காரர் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். வீட்டில் குடிப்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரா, போர் தண்ணீரா? தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் அந்தத் திட்டமே 2013-ல் வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சலுக்கு முன்பே இடுப்பும் கழுத்தும் இறுகிய மாதிரி இருந்திருந்தால், பல்லில் பழுப்புக் கோடு இருந்தால், வலியில் ஒரு பங்கு ஃப்ளோரைடின் வேலையாக இருக்கலாம். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. 240 மில்லி போர் தண்ணீரை 60 மில்லியாகச் சுண்டக் காய்ச்சினால் 240 மில்லியில் இருந்த ஃப்ளோரைடு அவ்வளவும் அந்த 60 மில்லியில் நிற்கும். கஷாயமோ டீயோ, எது வைத்தாலும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் வையுங்கள். இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஓர் எக்ஸ்ரே பார்த்தால் தெரிந்துவிடும்.

பரிசோதனை முடிவு வரும் வரை அம்மாவின் கையைச் சும்மா விடாதீர்கள். காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் இரண்டு கையையும் பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர் என்பதால் சூட்டை நீங்கள் தொட்டுப் பார்த்த பிறகு. சுருட்டிய ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து மெதுவாக அழுத்தி விடட்டும், வலி தாங்கும் வரை. களி கிண்டுவதை இப்போதைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். துடுப்பைப் பிடித்து அழுத்திக் கிண்டுவது அந்த மணிக்கட்டுக்குப் பெரிய பாரம். எழுந்த பிறகு விரல் இளக எத்தனை நிமிடம் ஆகிறது என்று காலண்டர் தாளின் பின்னால் தினமும் குறித்து வாருங்கள். மருந்து பிடிக்கிறதா என்று வலியைவிட அந்த நிமிடக் கணக்கு எங்களுக்குச் சரியாகச் சொல்லும்.

டாக்டரிடம் போகும்போது எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள்: கேப்ஸ்யூல் டப்பா, சீந்தில் பொடி, நிலவேம்புப் பொட்டலம், இதய மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பாதியில் நிறுத்திய மெத்தோட்ரெக்ஸேட் அட்டை. அட்டையில் எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்க்கட்டும்.